வீட்டு மாடியில் மென்பொருள் நிறுவனம்: கொடை, ஓணம், அந்தி விளக்கு, ஆன்-கால் எல்லாம் எங்கே முட்டும்? (புனைபெயர்களில் நடந்த ஒரு குழு உரையாடல்)

படிப்புரை:

குமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் பழைய ஓட்டு வீடு, அதோடு சேர்த்துக் கட்டிய கான்கிரீட் மாடி. அண்ணனும் தங்கையுமாக அந்த மாடியில் ஆறு பேரை வைத்து மென்பொருள் வேலை தொடங்கப் போகிறோம். வாடிக்கையாளர்கள் நியூயார்க் பக்கமும் லண்டனிலும். வேலை நேரம் தாண்டிப் பழுது வந்தால் உடனே எடுத்துப் பார்க்க ஒருவர் முறை வைத்து ஆன்-கால் இருக்க வேண்டும். கீழே கூட்டுக் குடும்பம். அந்திக்கு விளக்கு, சித்திரையில் விஷுக் கணி, ஆவணியில் ஓணம், குடும்பக் கோயில் கொடை (ஆண்டுத் திருவிழா), ஆயுத பூசை, ஆண்டுத் திதி, இதில் ஒன்றையும் விடுகிற உத்தேசம் இல்லை. வேலைக்கு வருகிறவர்களில் மூன்று பேர் கிறிஸ்தவர்கள், ஒருவர் இஸ்லாமியர்.

"போகப் போகச் சமாளிச்சுக்கலாம்" என்ற பதில் நிறையக் கிடைத்துவிட்டது. எங்கே முட்டும், முட்டும் முன்னே என்ன செய்து வைக்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் விவரமாகச் சொல்ல வேண்டும்.

உதயகிரி:

முதல் வேலை ஒரே தாளில் வருஷக் காலண்டர். நம் மாவட்டத்தில் விழாத் தேதி மூன்று வகையில் வரும். அந்த வகை தெரியாமல் கூகிள் காலண்டரில் "விடுமுறைகள்" என்று ஒன்றைச் சேர்த்துவிட்டு இருந்தால் பாதி விழா அதில் இருக்காது.

ஒன்று, ஆங்கிலத் தேதி மாறாதவை. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, டிசம்பர் 25. இவற்றில் சிக்கல் இல்லை.

இரண்டு, பஞ்சாங்கமோ பிறையோ பார்த்து வருபவை. மண்டைக்காட்டுக் கொடை மாசிக் கடைசிச் செவ்வாய். அய்யா வைகுண்டர் அவதார நாள் மாசி 20. சுசீந்திரம் தேர் மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள். திருவோணம் ஆகஸ்ட் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் நடு வரை எங்கே வேண்டுமானாலும் விழும். ஈஸ்டர், நோன்புப் பெருநாள், ரஜப் மாதத்துத் தக்கலை பீர்முகம்மது அப்பா விழா இவையும் இப்படித்தான். இதில் ஒரு பொறி உண்டு. மாதப் பிறப்பைத் தமிழ்ப் பஞ்சாங்கமும் மலையாளப் பஞ்சாங்கமும் சில வருஷம் ஒரு நாள் தள்ளிக் கணிக்கும். சித்திரை ஒன்று 14-ஆம் தேதி வர, விஷு 15-ஆம் தேதி வருவது அதனால்தான். உங்கள் வீட்டில் கணி எந்தக் கணக்குப்படி வைக்கிறார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு அதையே எழுதுங்கள்.

மூன்றாவது வகைதான் தொழிலைக் கவிழ்க்கும்: ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்கிற தேதி. குடும்பக் கோயில் கொடை, கிறிஸ்தவக் கோயிலின் பங்குத் திருவிழா எல்லாம் இதில் வரும். கால்நாட்டு (பந்தல்கால் நடுவது) ஆன பிறகு தேதி தெரிந்தால் பிந்திப்போச்சு. தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிப்பது) எவ்வளவு என்று பேசுகிற கூட்டத்திலேயே நாளும் பேசப்படும். அன்றைக்கே வாங்கி எழுதிவிட்டால் வாடிக்கையாளரிடம் சொல்ல வாரக்கணக்கில் அவகாசம் கிடைக்கும்.

இன்னொன்று. ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை செலாவணி முறிச் சட்டப்படியான (வங்கிக்கும் பொருந்தும்) விடுமுறை அல்ல, அறிவிப்பிலேயே அப்படித்தான் போட்டிருக்கும். வங்கி திறந்திருக்கும், பணம் நகரும், வரிக் கெடு தள்ளிப்போகாது. ஈடுகட்ட ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக அறிவிப்பார்கள். அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கொண்டுவிட வேண்டியவர்களுக்கு அது முக்கியம்.

காலண்டர் ஆனதும் அதன் மேல் புதுப் பதிப்பு வெளியிடத் தடை நாட்களைக் குறியுங்கள். பெரிய விழாவுக்கு முன் இரண்டு வேலை நாள், விழா நாள், மறுநாள், இந்த நாலு நாளும் புதுக் குறியீடு சர்வருக்குப் போகக் கூடாது. பழுது திருத்தம் மட்டும் போகலாம், அதுவும் இரண்டு பேர் பார்த்த பிறகு. முந்தின நாள் சாயங்காலம் அவசரமாக ஏற்றிவிட்டுத் தேங்காய் துருவ உட்காருவதுதான் வழக்கமாக நடப்பது. ராத்திரி பழுது வரும், திருப்பி எடுக்க ஆள் இருக்காது.

அடுக்களைப்பக்கம்:

உதயகிரி அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம், இதை நான் அழுத்தியே சொல்லுவேன். விழா நாளை மட்டும் குறித்தால் போதாது. முந்தின நாளைக் குறியுங்கள்.

திருவோணத்தன்று லீவு. ஆனால் வேலை எல்லாம் முந்தின நாள், உத்திராடத்தன்று. காய் வெட்டு, தேங்காய் துருவல், ஏத்தங்காய் உப்பேரி, இஞ்சிக்கறி, நார்த்தங்காய்ப் பச்சடி எல்லாம் அன்றைக்கே முடிந்தால்தான் மறுநாள் காலை அவியல், எரிசேரி, தீயல், பிரதமன் என்று அடுப்பு ஓடும். பொங்கலுக்குப் போகியன்று வீடு ஒதுக்கல். கிறிஸ்துமஸ்சுக்கு 23, 24 இரண்டு நாளும் முந்திரிக்கொத்து, அச்சப்பம், குடில், ராத்திரிப் பூசை. கொடைக்கு மூன்று நாளும் வீட்டில் உறவுக்காரர் கூட்டம். லீவுப் பட்டியலைப் பார்த்தால் எங்கேயும் சாப்பிடுகிற நாள்தான் இருக்கும், சமைக்கிற நாள் இருக்காது. அதனால் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்கள் முந்தின நாள் சாயங்காலம் ஒரு காதில் ஹெட்செட், கையில் தேங்காய்த் துருவலக்குற்றி என்று நிற்கிறார்கள்.

செய்ய வேண்டியது: உத்திராடம், கிறிஸ்துமஸ்சுக்கு முந்தின நாள், கொடை தொடங்கும் நாள் மூன்றிலும் மத்தியானம் 1 மணியோடு எல்லோருக்கும் வேலை முடிவு. ஆணும் பெண்ணும் சேர்த்து. பெண்களுக்கு மட்டும் கொடுத்தால் அது சலுகை என்று ஆகிவிடும், ஆண்களும் வீட்டுக்குப் போய்க் கை கொடுக்க மாட்டார்கள்.

சாப்பாட்டையும் எழுதிவிடுகிறேன், பலரும் தடுமாறுவது அதில்தான். மாடிக்காரர்கள் ஆறு பேருக்கும் சேர்த்து 12 இலை என்றால், அடைப்பிரதமன் என்கிற பாயசத்துக்கு அடை (அரிசி மாவில் செய்த துண்டுகள்) கால் கிலோ, கருப்பட்டியோ வெல்லமோ அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், தேங்காய் மூன்று. மூன்றாம் தேங்காய்ப்பாலில் அடையை வேகவைத்து, பாகு சேர்த்து வற்றவிட்டு, இரண்டாம் பால் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். முதல் பால் அடுப்பை அணைத்த பிறகுதான். கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும். இந்த நாற்பது நிமிஷம் அடுப்பை விட்டு நகர முடியாது. அந்த ஆளுக்கு அந்த நேரம் ஆன்-கால் போடாதீர்கள். நான் சொல்ல வந்தது இதுதான்.

கோதையாறு:

அந்தி விளக்குக்கு நேரக் கணக்கு.

நம் பக்கம் விளக்கு வைப்பது 6-லிருந்து 6:45-க்குள். கிறிஸ்தவ வீட்டில் குடும்ப செபம் 7-லிருந்து 8. இஸ்லாமியரின் அந்தித் தொழுகையான மஃரிபும் இதே வேளைதான். நியூயார்க் கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. அதாவது கோடையில் அவர்கள் காலை 9 மணிக் கூட்டம் நமக்குச் சரியாக 6:30, விளக்கு நேரம். குளிர்காலத்தில் அதே கூட்டம் 7:30, செப நேரம். காலை 10:30-க்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்: கோடையில் நமக்கு 8, குளிர்காலத்தில் 9. லண்டனுக்கு அவர்கள் காலை 10 மணி, நமக்குக் கோடையில் 2:30, குளிர்காலத்தில் 3:30. ஒரு தொந்தரவும் இல்லை.

கடிகாரம் மாற்றும் வாரங்களில் கவனம். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றும், லண்டன் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் இருவரும் சேர்ந்த கூட்டம் இருந்தால் கணக்குக் குழம்பும். மாசிக் கடைசிச் செவ்வாயும் அமெரிக்க மாற்றமும் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் விழும். அந்த வாரம் கூட்ட நேரத்தை ஒரு தடவை கையால் சரிபாருங்கள்.

படிப்புரை:

எல்லோருக்கும் நன்றி. அடுக்களைப்பக்கம் அக்கா சொன்ன முந்தின நாள் விஷயம் எங்கள் பட்டியலில் இல்லவே இல்லை, சேர்த்துவிட்டோம். ஆன்-கால் முறையை மதம் பார்த்து மாற்றிக்கொள்ளலாமா? ஓணத்துக்கு கிறிஸ்தவப் பிள்ளைகள், கிறிஸ்துமஸ்சுக்கு மற்றவர்கள் என்று?

அடுத்தது கரண்ட். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை இருக்கிறது, பூசை அறைக்கு அடுத்து. இன்வெர்ட்டரை அங்கே வைக்கலாம் என்று எலக்ட்ரீசியன் சொல்கிறார்.

உதயகிரி:

மதம் பார்த்துப் போடாதீர்கள். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் கிறிஸ்தவ வீடுகளிலும் ஓணத்துக்கு இலை போடுவார்கள். ஒருவருடைய பெயரைப் பார்த்து அவருக்கு எது பெரிய நாள் என்று முடிவு கட்ட முடியாது. சிலருக்குக் கிறிஸ்துமஸ்சைவிடப் பங்குத் திருவிழாவின் பத்து நாள்தான் பெரிது. ஜனவரியிலேயே ஒவ்வொருவரிடமும் "விட்டுக்கொடுக்கவே முடியாத 5 நாள்" எழுதி வாங்குங்கள். ஆறு பேருக்கு 30 நாள் வரும். மோதல் எங்கே என்று உடனே தெரியும். மோதுகிற நாளில் முதல் ஆள், இரண்டாம் ஆள் என இருவர். முதல் ஆள் 15 நிமிஷத்தில் எடுக்காவிட்டால் இரண்டாம் ஆளுக்கு மணி அடிக்க வேண்டும். விழா நாள் ஆன்-காலுக்கு ஈடாக ஒன்றரை நாள் லீவு. அதை அதே மாதத்தில் எடுத்துவிட வேண்டும், சேர்த்துவைத்தால் டிசம்பரில் ஒரேயடியாக வந்து நிற்கும்.

சட்டமும் உண்டு. தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம் 1958-ன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாலும் கட்டாயம். அதோடு பண்டிகை நாள் ஐந்து. வெளிநாட்டு வாடிக்கையாளரின் விடுமுறையைக் கொடுத்துவிட்டு இதைக் கழிக்க முடியாது.

சுவிட்ச்போர்டு:

அந்த எலக்ட்ரீசியன் சொன்ன இடத்தில் வைக்காதீர்கள். நீர் ஊற்றுகிற லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். அது காற்றைவிட எடை குறைந்த வாயு, மேலே போய்ப் படிக்கட்டின் அடிப்பக்கத்தில் தேங்கும். அடுத்த அறையில் குத்துவிளக்கும் சாம்பிராணியும். காற்றோட்டம் இல்லாத படிக்கட்டு அறை, பக்கத்தில் திறந்த தீ, இரண்டும் சேரவே கூடாது. வடக்கு அல்லது கிழக்குத் தாவாரத்தில், மழைச்சாரல் படாமல், மேலே ஒரு துவாரமும் கீழே ஒரு துவாரமும் உள்ள கூண்டில் வையுங்கள். அறைக்குள்தான் வைக்க வேண்டும் என்றால் லித்தியம் இரும்புப் பாஸ்பேட் வாங்குங்கள், சாதாரணச் சார்ஜில் வாயு விடாது. விலை கூடுதல்தான்.

கணக்கு. ஒரே நேரத்தில் லேப்டாப் 5 ஓடுகிறது என்று வையுங்கள், ஒன்றுக்கு 50 வாட், 250. ஃபைபர் பெட்டி இரண்டும் ரவுட்டரும் சேர்த்து 40. பிஎல்டிசி (மின்சாரம் குறைவாக இழுக்கும்) மின்விசிறி இரண்டு, 60. எல்இடி 30. மொத்தம் 380 வாட். 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் என்றால் 3,600 வாட்-அவர். அதில் பாதிக்கு மேல் இழுத்தால் பேட்டரி ஆயுள் குறையும், ஆக 1,800. இன்வெர்ட்டர் இழப்பு போனால் ஏறக்குறைய 1,530. அதை 380-ஆல் வகுத்தால் நாலு மணி நேரம். பேட்டரியில் எழுதியிருக்கும் 150 என்பது சி20 கணக்கு, அதாவது 20 மணி நேரத்தில் மெதுவாக இழுத்தால் கிடைப்பது. நீங்கள் அதைவிட வேகமாக இழுப்பீர்கள், கொஞ்சம் குறைத்தே எடுங்கள்.

புயல் நாளுக்கு வேறு கணக்கு. 2017 நவம்பர் 30 ஓக்கியில் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊரில் கரண்ட் வர நாள்கணக்கில் ஆனது. அந்த நிலையில் லேப்டாப்பைத் தன் பேட்டரியில் ஓடவிட்டு, இன்வெர்ட்டரில் இணையப் பெட்டிகளை மட்டும் விடுங்கள். பெட்டிகள் 40, இன்வெர்ட்டர் தானே தின்பது 20, ஆக 60 வாட். ஒரு நாள் முழுக்க ஓடும். இதற்கு அந்தப் பெட்டிகளுக்கு மட்டும் தனி சுவிட்ச் இருக்க வேண்டும். வயரிங் போடும்போதே சொல்லாவிட்டால் பிறகு சுவரை வெட்ட வேண்டிவரும்.

வீட்டு லோடு. மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்கி, அடுக்களையும் தண்ணி மோட்டாரும் ஒன்றில், ஏசி இரண்டாவதில், அலுவலகம் மூன்றாவதில். ஒரே ஃபேஸில் இருந்தால் கிரைண்டரோ ஒரு குதிரைத்திறன் மோட்டாரோ கிளம்பும் நொடியில் வோல்டேஜ் இறங்கும், யுபிஎஸ் கத்தும். மோட்டாரைக் காலை 5:30-க்கு டைமரில் போட்டுவிடுங்கள். இண்டக்சன் அடுப்பு 2,000 வாட், அது இன்வெர்ட்டர் லைனில் தவறிக்கூட இருக்கக் கூடாது. ஓணத்தன்று அடுப்பு போதாமல் யாராவது மாடி பிளக்கில் சொருகுவார்கள். மாடியில் 16 ஆம்பியர் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் வைக்காமல் இருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

இடி. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நம் மலையோரம் எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிபியில் (மின் விநியோகப் பெட்டி) டைப் 2 சர்ஜ் காப்பான் (திடீரென ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்புவது), அதற்கு நல்ல எர்த். இரண்டரை முதல் மூன்று மீட்டர் குழாய் எர்த், 5 ஓமுக்குக் கீழே அளந்து வாங்குங்கள். செம்மண், வெட்டுக்கல் தரை மாசி பங்குனியில் காய்ந்து எர்த் கெட்டுப்போகும், வாரம் இரண்டு வாளித் தண்ணி ஊற்ற வேண்டும். கடலோரத்து ஆட்கள் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் போடாதீர்கள், உப்பில் அரித்துவிடும். தாமிரம் பூசிய கம்பிதான்.

கோதையாறு:

ஃபைபரில் இடி வராது என்று சொல்வார்கள். கண்ணாடி இழையில் வராது, சரி. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற கேபிளில் தாங்கு கம்பி என்று ஒரு இரும்புக் கம்பி உண்டு. அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தி, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். சிசிடிவி கேபிள், மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் வெளிச்சுவர் வழியாகப் போகிற லேன் கேபிள் இவைதான் நெட்வொர்க் சுவிட்சை எரிப்பவை. மாடிக்கும் கீழுக்கும் இடையில் ஃபைபரோ வைஃபையோ போதும்.

இரண்டு இணைப்பு எடுத்தாலும் இரண்டும் ஒரே கம்ப வரிசையில் வந்தால் ஒரு தென்னமட்டையோ ரப்பர்க் கொம்போ விழுந்து இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்று ரோட்டுப் பக்கம், இன்னொன்று பின்விளை வழியாக வருமா என்று வாங்கும் முன்னே கேளுங்கள். வராது என்றால் இரண்டாவது 4ஜி அல்லது 5ஜி ஆகட்டும். மாதம் ஒரு தடவை முதல் இணைப்பைக் கையால் பிடுங்கிப் பாருங்கள். அழைப்பு துண்டித்து மறுபடி சேர எத்தனை நொடி ஆகிறது, விபிஎன் (வாடிக்கையாளரோடு உள்ள பாதுகாப்பான தனி இணைப்பு) தானே ஒட்டுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

பிச்சிவெள்ளை:

ஆயுத பூசைக்கு ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் அஷ்டமி அந்தியில் பூசை வைப்பு, விஜயதசமி காலையில்தான் எடுப்பு. வைத்த புத்தகத்தையும் கருவியையும் நடுவில் தொடக் கூடாது. சர்வர் ஓடுகிற தொழிலில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது? பெரியவர்கள் மனம் கோணவும் கூடாது.

உதயகிரி:

பூசையில் வைப்பதற்கென்றே சில பொருட்களை ஒதுக்குங்கள். நிறுவனப் பதிவுச் சான்று, கணக்குப் பேரேடு, முதல் திட்டத்தின் மூலக் குறியீடு வைத்த ஒரு பென் டிரைவ், ஸ்க்ரூ டிரைவர் செட், புதிதாக வந்து இன்னும் பயன்பாட்டுக்கு எடுக்காத லேப்டாப். வைப்புக்கு முன் இவற்றின் பிரதி வேறு இடத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆன்-கால் லேப்டாப் பூசைக்குப் போகாது. அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அந்த நேரம் வந்து வாதாடக் கூடாது. அடுப்பு எரிவதும் கிணற்றுத் தண்ணி இறைப்பதும் அந்த நாட்களில் நிற்பதில்லை, இதுவும் அந்த வகை என்று சொன்னால் பெரியவர்களுக்குப் புரியும்.

சந்தனம், குங்குமம். ஈரச் சந்தனத்தை விசைப்பலகையிலோ காற்றுத் துவாரத்திலோ வைக்காதீர்கள். குங்குமத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பும் உண்டு, ஈரம் சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும், பிளாஸ்டிக்கில் கறை போகாது. மூடிய மேல்மூடியில் ஒரு காகித ஒட்டியை ஒட்டி அதன் மேல் பொட்டு. திருநீறு நுண்தூள், ஓடுகிற மின்விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும். அணைத்த பிறகே பூசை, சாம்பிராணிப் புகை அடங்கி அரை மணி நேரம் கழித்தே மறுபடி போடுவது.

படிப்புரைக்கு ஒன்று, நீங்கள் தக்கலை என்பதால். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படும் நாளில் ரோடு நெரியும். அன்று வெளியூர் வாடிக்கையாளரை நேரில் வரச் சொல்லாதீர்கள். வந்தால் பவனியைப் பார்க்கவே வரட்டும்.

படிப்புரை:

கேட்கச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பதினாறாம் நாள் சடங்கு வரை யாரும் மாடி ஏற மாட்டார்கள். நிறுவனத்தை அம்மா பேரில் தனியுரிமையாகப் பதியலாமா என்ற பேச்சும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் போலிருக்கிறது.

பேரேடு:

சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். சரியான கேள்வி, சங்கடப்பட வேண்டாம்.

தனியுரிமையில் நிறுவனமும் ஆளும் ஒன்று. அந்த ஆள் இறந்தால் வங்கி நடப்புக் கணக்கை நிறுத்திவைக்கும். உங்களுக்குக் கையெழுத்து அதிகாரம் கொடுத்திருந்தாலும் அது அவரோடே முடிந்துவிடும், பவர் பத்திரத்துக்கும் அதே கதி. ஜிஎஸ்டி எண்ணை வாரிசு அப்படியே தொடர முடியாது. பழையதை ரத்து செய்யக் கேட்டு, வாரிசு பேரில் புதுப் பதிவு எடுத்து, மிச்ச உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவத்தில் மாற்ற வேண்டும். இதையெல்லாம் காடாத்துக்கும் (சுடுகாட்டுச் சடங்கு) பதினாறுக்கும் நடுவில் யார் செய்வது? சம்பளத் தேதி வேறு வந்து நிற்கும்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்துவதால் எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) போடுங்கள். குறைந்தது இரண்டு பங்குதாரர், இருவரில் யாரும் தனித்து இயக்கும்படி வங்கிக் கணக்கு. ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவரால் நகர்த்த முடியும். ஆனால் இருவரும் ஒரே வீடு என்பதால் சாவு, திதி, கொடை மூன்றுக்கும் இருவருமே ஒரே நேரத்தில் வேலையில் இல்லாமல் போவார்கள். அதற்காக மூன்றாவது ஒருவர், குடும்பத்துக்கு வெளியே உள்ள மூத்த ஊழியர், சம்பளக் கோப்பை ஏற்ற மட்டும் வங்கியில் தயாரிப்பாளர் உரிமை பெறட்டும். ஒப்புதல் உரிமை உங்களிடமே இருக்கும், ஃபோனில் ஒரு நிமிஷ வேலை.

பதினாறு நாள் கோப்பு என்று ஒரு காகிதக் கோப்பு வையுங்கள். டொமைன் எங்கே வாங்கியது, எப்போது முடிகிறது. கிளவுட் முதன்மைக் கணக்கின் மீட்புக் குறியீடுகள் அச்சிட்டு. வன்பொருள் பாதுகாப்புச் சாவி இரண்டு, ஒன்று வீட்டு அலமாரியில், ஒன்று வேறு வீட்டில். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எங்கே, அதன் காலாவதித் தேதி. ஓடிபி வருகிற சிம் தனி ஃபோனில் இருக்க வேண்டும், யாருடைய சொந்த எண்ணிலும் கூடாது. அந்த சிம்மைத் தொடாமல் 90 நாள் போட்டுவைத்தால் எண் பறிபோகலாம், மாதம் ஒரு அழைப்பாவது போட வேண்டும். அம்மா பேரில் பதிந்தால் எல்லா ஓடிபியும் அம்மா ஃபோனுக்கு வரும். அவர்கள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து 20-ஆம் தேதி ஜிஎஸ்டிக் கெடு வரும்.

மாதத் தேதிகள்: டிடிஎஸ் (பிடித்த வருமான வரி) கட்ட 7, விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11, வரி கட்டும் 3பி-க்கு 20. காலாண்டு முறையில் போனால் 13-ம் 22-ம். முன்வரி ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15. ஓணம் பிந்தி வந்தால் செப்டம்பர் 15-ஐ ஒட்டி விழும், பொங்கல் ஜனவரி 11-க்கும் 20-க்கும் நடுவே. விழா மாதங்களில் எல்லாக் கெடுவையும் நாலு நாள் முன்னால் இழுத்து எழுதுங்கள். வெளிநாட்டுச் சேவைக்கு வரி கட்டாமல் பில் போட ஆர்எஃப்டி-11 உறுதிமொழி ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாக வேண்டும். விஷு முடியட்டும் என்று விடாதீர்கள், மார்ச் முடியும் முன்னே போட்டுவிடுங்கள்.

அடுக்களைப்பக்கம்:

பேரேடு சாரிடம் ஒரு கேள்வி, படிப்புரைக்கும் தேவைப்படும். மாடிக்குப் போகிற மூன்று நேரச் சாயாவும் மத்தியானச் சோறும் அடுக்களையிலிருந்துதான் போகும். ஆறு பேர், மாதம் 24 நாள் என்றால் 144 சாப்பாடு, 400-க்கு மேல் சாயா. வீட்டுச் செலவோடு சேர்ந்து கரைந்துபோகிற உழைப்பு இது. இதை ஒரு பெண்ணின் அன்பு என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது. வீட்டு ஆள் சமைத்தாலும் சம்பளம் போட வேண்டும் என்பது என் கட்சி. வரியில் இடம் உண்டா?

பேரேடு:

உண்டு, அக்கா. உண்மையில் செய்த வேலைக்கு, வெளி ஆளுக்குக் கொடுத்திருந்தால் எவ்வளவோ அந்த அளவில், வங்கி வழியாக மாதாமாதம். உறவினருக்கு நியாயமான அளவுக்கு மேல் கொடுத்தால் அதிகப்படியைச் செலவாக ஏற்க மாட்டார்கள். மனைவி அல்லது கணவருக்குக் கொடுப்பதில் மட்டும் தனிக் கண்ணி: நிறுவனத்தில் உங்களுக்குக் கணிசமான பங்கு இருந்து, அவருக்கு அந்த வேலைக்கான தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி இல்லை என்றால், அந்தச் சம்பளம் உங்கள் வருமானத்தோடே சேர்க்கப்படும். அம்மாவுக்கும் மாமிக்கும் அந்தச் சிக்கல் இல்லை. அரிசி, காய், கேஸ் பில் தனியாக, நிறுவனத்தின் பேரில்.

போனசும் பலர் கேட்பார்கள். 20 பேருக்குக் கீழே சட்டக் கட்டாயம் இல்லை, ஆனால் இங்கே எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஒரே நாளில் எல்லோருக்கும் கொடுக்காமல் ஓணமா, தீபாவளியா, பெருநாளா, கிறிஸ்துமஸ்சா என்று அவரவர் தேர்ந்தெடுக்கட்டும். 20 பேரைத் தாண்டிய பிறகு கவனம்: நிதியாண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30-க்குள் கொடுத்தாக வேண்டும். கிறிஸ்துமஸ் போனஸ் அப்போது பிந்தியதாகிவிடும்.

படிப்புரை:

சமைக்கிற மாமிக்கு ஆவணி முதல் சம்பளம் என்று நேற்று ராத்திரி வீட்டில் பேசி முடித்தாயிற்று. எல்எல்பியும் உறுதி.

கடைசியாக சுவிட்ச்போர்டு அண்ணனுக்கு. கோயில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது காம்பவுண்டு. கொடை நாளில் சீரியல் செட்டுக்கும் மைக் செட்டுக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் கரண்ட் எடுப்பது வழக்கம். இல்லை என்று சொல்ல முடியாது.

சுவிட்ச்போர்டு:

இல்லை என்று சொல்ல வேண்டாம், எங்கிருந்து என்று சொல்லுங்கள். முறைப்படி விழாக் கமிட்டி தற்காலிக இணைப்பு வாங்க வேண்டும். தேதி முன்னமே தெரிந்துவிடும் என்பதால் மனுப் போட நேரம் இருக்கும், அந்த வேலையை நீங்களே எடுத்துச் செய்துகொடுங்கள். அதற்கு மேலும் ஒரு வரிசை சீரியல் விளக்கு வீட்டிலிருந்து போகத்தான் செய்யும். அதற்கென்று வெளிச்சுவரில் ஒரு பிளக், ஏசி ஃபேஸில், தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் துண்டிப்பது), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிப்பது). வைகாசி மழையில் நனைந்த ஒயரில் கசிவு வந்தால் அந்த ஆர்சிசிபி மட்டும் விழும், மாடி விழாது. பிள்ளைகள் கை வைக்கிற உயரத்தில் அலங்கார விளக்கு தொங்கும், கசிவுக்காப்பு இல்லாமல் ஒரு வயரையும் வெளியே விடாதீர்கள்.

இன்வெர்ட்டரின் நியூட்ரலையும் வீட்டு நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கியிருந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழும். கொடைக்கு ஒரு வாரம் முன்னே மெயினை அணைத்து, இன்வெர்ட்டரில் ஓடவிட்டு, மறுபடி போட்டுப் பாருங்கள். விழுந்தால் நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லுங்கள், அரை நாள் வேலை.

மைக் செட் ராத்திரி 10 மணிக்கு மேல் கூடாது என்பது ஒலி மாசு விதி. வருஷத்தில் சில நாளுக்கு மட்டும் 12 வரை அரசு தளர்த்தலாம். வில்லுப்பாட்டு நடக்கிற ராத்திரி நியூயார்க் கூட்டம் வைக்காதீர்கள். எந்த ஹெட்செட்டும் அந்த உடுக்கையையும் குடத்தையும் வடிகட்டாது. அந்த ராத்திரி ஆன்-கால் ஆளைக் கோயிலிலிருந்து நாலு தெரு தள்ளி உள்ள வீட்டில் உட்கார வையுங்கள். அந்த வீட்டு இணையத்தை முந்தின வாரமே சோதித்துவிடுங்கள்.